நிறுத்தச் சொன்னால் பணி எங்கே நிற்கும்?

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் நிற்கும் ஒருவர், கைப்பேசிச் செயலியில் பேருந்து நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண்ணைத் தட்டுகிறார். விடை வருமுன் எண் தவறென்று கண்டு வேறொன்றைத் தட்டுகிறார். முதல் கோரிக்கையை ரத்து செய்யாவிட்டால், தாமதமாக வரும் அதன் விடை புதிய விடையின்மேல் பதிந்துவிடக்கூடும்.

ஓடும் பணியை அப்படியே கொன்றுவிடலாமே என்று தோன்றும். ஜாவா நிரலாக்க மொழியில் அந்த வசதி இருந்தது. ஆனால் நடுவழியில் நிறுத்தப்பட்ட இழை (ஒரே நிரலுக்குள் தனியாக ஓடும் பணி, thread), தரவை மற்ற இழைகள் தொடாதபடி போட்டிருந்த பூட்டுகள் திறந்துகொள்ள, பாதி மாறிய தரவு மற்ற இழைகளின் கையில் சிக்கியது. 1998இல் வந்த 1.2 பதிப்பிலேயே அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள்.

சார்புவழி (functional) நிரலாக்க மொழியான எஃப் ஷார்ப்பில், ஒத்திசைவற்ற (async) பணி, அதாவது விடைக்காக மற்றவற்றை நிறுத்தாமல் ஓடும் பணி, எழுதியவுடன் ஓடுவதில்லை. செய்ய வேண்டியதன் விவரிப்பாகவே இருக்கிறது. ஓடவிடும்போது ரத்துக்கான டோக்கனை, அதாவது ரத்துச் செய்தியைச் சுமக்கும் அடையாளத்தை, ஒருமுறை கொடுத்தால், அது துணைப்பணிகளுக்குத் தானாகப் போய்ச்சேர, ஒரு படி முடிந்து அடுத்த படி தொடங்கும் இடங்களில் சோதிக்கப்படுகிறது. சி ஷார்ப் மொழியில் அதே டோக்கனை ஒவ்வொரு சார்புக்கும் (function) நாமே கடத்த வேண்டும். ஓரிடத்தில் மறந்தாலும் போச்சு. எஃப் ஷார்ப்பிலும் இடைவெளியின்றிக் கணக்குப் போடும் சுழற்சிக்கு ரத்துச் செய்தி எட்டாது.

இன்னொரு சார்புவழி மொழியான ஹாஸ்கெலின் வழி துணிச்சலானது. அங்கே ஓர் இழை இன்னோர் இழையின்மீது எந்நேரமும் விதிவிலக்கை (exception), அதாவது வழக்கமான ஓட்டத்தை முறிக்கும் செய்தியை, எறியலாம். சைமன் மார்லோவும் மற்ற மூவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு ஒழுங்கான இலக்கணம் வகுத்தது. ஆபத்து மிகச் சிறிய இடைவெளியில்தான் இருக்கிறது: கோப்பைத் திறந்தாயிற்று, மூடும் பொறுப்பை இன்னும் பதிவு செய்யவில்லை, அக்கணத்தில் விதிவிலக்கு வந்தால் கோப்பு திறந்தே கிடக்கும். 'பிராக்கெட்' என்னும் சார்பு, திறந்து முடித்து மூடுவதற்கான ஏற்பாட்டைப் பதிவு செய்யும்வரை, 'மாஸ்க்' என்னும் தடுப்பைக் கொண்டு விதிவிலக்கை வாசலிலேயே நிறுத்திவைக்கிறது. கோப்பைப் பயன்படுத்தும் கட்டத்தில்தான் அதை உள்ளே விடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இன்னொன்று: மாஸ்க்குக்குள்ளும், எதற்காகவோ காத்து முடங்கி நிற்கும் செயலை மட்டும் குறுக்கிட முடியும். இல்லையென்றால், வராத விடைக்காக நிற்கும் இழையை யாராலும் விடுவிக்க முடியாது.

ஸ்காலா மொழியின் கேட்ஸ் எஃபெக்ட் நிரல் நூலகத்தில், ரத்து செய்யும் கட்டளையே திறந்ததை மூடுவது போன்ற துப்புரவு வேலைகள் முடியும்வரை காத்திருந்துதான் திரும்புகிறது. துப்புரவு தொங்கினால் ரத்தும் தொங்கும்.

இவை எல்லாமே நம் பக்கத்து ஓட்டத்தைத்தான் நிறுத்துகின்றன. சிங்கப்பூரின் உடனடிப் பணப் பரிமாற்றச் சேவையான பேநவ்வில் கட்டணக் கோரிக்கை வங்கியின் கணினியை அடைந்த பிறகு செயலியில் காத்திருப்பதை ரத்து செய்தாலும், பணம் போயிருக்கக்கூடும். அதைத் திரும்பப் பெறத் தனிக் கோரிக்கை வேண்டும்.