கொடி சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், கழுத்தில் தொப்புள் கொடி சுற்றி ஒரு பிள்ளை பிறந்தால் சேதி முதலில் தாய்மாமனுக்குத்தான் போகும். ‘மாலை போட்டுப் பிறந்திருக்கு, மாமனுக்கு ஆகாது’ என்பார்கள். எண்ணெயில் பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகே அவர் நேரில் பார்க்கலாம். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளை விட்டுத் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிவந்தும் இந்தப் பயம் நம்மை விடவில்லை. இதில் எனக்குப் பெரிய வருத்தம், பழி தாயின் மேல் விழுவதுதான். பிள்ளைத்தாச்சி கையைத் தூக்கித் துணி காயப்போட்டாளாம், அதனால் சுற்றிக்கொண்டதாம்.

பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குக் கொடி கழுத்தைச் சுற்றியிருக்கும். அவ்வளவு சாதாரணம். நிறைமாதத்தில் தொப்புள் கொடியின் நீளம் சுமார் 50 முதல் 60 சென்டிமீட்டர். பனிக்குடத் தண்ணீரில் பிள்ளை புரண்டு உதைக்கும்போது கொடி இழுபடுகிறது, அந்த இழுப்பிலேயே நீளவும் செய்கிறது. நீளமான கொடி, ஓயாமல் அசையும் பிள்ளை. எங்கேயாவது சுற்றத்தான் செய்யும். அம்மா கையைத் தூக்குவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கழுத்து நெரிந்து மூச்சு முட்டாதா? வயிற்றுக்குள் பிள்ளை மூக்கால் காற்றை இழுத்து வாழ்வதில்லை. நுரையீரலில் திரவம்தான் இருக்கிறது. பிராணவாயு, சர்க்கரை, அம்மாவின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் எல்லாம், கருப்பையில் ஒட்டியிருக்கும் நஞ்சுக்கொடியில் ஒரு மெல்லிய சவ்வைக் கடந்து, தொப்புள் கொடி வழியாகப் பிள்ளையின் இரத்தத்துக்கு வருகின்றன. இருவர் இரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. தொப்புள் கொடிக்குள் மூன்று குழாய்கள். ஒரு சிரை நல்ல இரத்தத்தைப் பிள்ளைக்குக் கொண்டுவருகிறது; இரண்டு தமனிகள் கழிவோடு திரும்பிப் போகின்றன. நம் உடம்பில் பெரும்பாலும் தமனியில்தான் நல்ல இரத்தம் ஓடும், இங்கே தலைகீழ். ஆகவே கவனிக்க வேண்டியது, கொடி நசுங்கி இந்த ஓட்டம் தடைபடுகிறதா என்பதைத்தான்.

நசுங்காமல் இருக்கத்தான் அந்த அமைப்பே. தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் மடங்கினால் நீர் நின்றுவிடும். கொடி அப்படிச் சட்டென்று மடங்காது. மூன்று குழாய்களைச் சுற்றியும் வழவழப்பான கூழ் அடர்ந்திருக்கிறது. 1656இல் இதை விவரித்த தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயரால் அதை வார்ட்டன் கூழ் என்கிறார்கள். வெளியிலிருந்து வரும் அழுத்தத்தை அது தாங்கிக்கொள்கிறது. போதாததற்குக் கொடி முழுவதும் முறுக்கிக்கொண்டு கிடக்கிறது, அந்த முறுக்கும் காப்புதான்.

சில பிரசவங்களில் வலியின்போது கொடி இறுகி, பிள்ளையின் இதயத் துடிப்பு குறைவதுண்டு. அதற்காகத்தான் துடிப்பை விடாமல் கவனிக்கிறார்கள். தலை வெளியே வந்ததும் மிஸ்ஸி (தாதி) பிள்ளையின் கழுத்தை விரலால் தடவிப் பார்ப்பார். கொடி தளர்வாக இருந்தால் தலைவழியாகக் கழற்றிவிடுவார். அப்புறம் உடனே வெட்ட வேண்டியதில்லை. குறைந்தது 1 நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியில் மிச்சமிருக்கும் இரத்தம் பிள்ளைக்கு வந்து சேரும். இரும்புச் சத்தும் கூடும்.

ஸ்கேனில் ‘கொடி சுற்றியிருக்கிறது’ என்று சொன்னால் கலங்க வேண்டாம். பிள்ளையின் உதையைக் கவனியுங்கள். வழக்கமான அசைவு குறைந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.