கடல் தாண்டாத கோதுமை

கனடாவின் மானிட்டோபா, சஸ்காட்செவான் மாகாணங்களில் இலையுதிர் காலத்தில் சில ஊர்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஒரே வயலில் ஏழெட்டு அறுவடை மெஷின்கள் வரிசை கட்டி ஓடும். அந்த நிலத்துக்கு ஒன்றிரண்டு மெஷினே போதும். ஆனால் அக்கம்பக்கத்து விவசாயிகள் தங்கள் சொந்த அறுவடையைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் வயல் மொட்டையாகிவிடும். அப்புறம் வயலோரத்திலேயே எல்லாருக்கும் சாப்பாடு. அறுத்த கோதுமையை விற்ற பணத்தில் யாரும் ஒரு டாலர்கூட எடுப்பதில்லை. அது வின்னிபெக் நகரில் இருக்கும் கனேடியன் ஃபுட்கிரெய்ன்ஸ் பேங்க் என்ற தானிய வங்கிக்குப் போகிறது.

கிறிஸ்தவ சபைகளும் சபை சார்ந்த அமைப்புகளுமாகப் பதினைந்து பேர் சேர்ந்து நடத்தும் வங்கி இது. கத்தோலிக்கர், ஆங்கிலிக்கன், லூத்தரன், பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே, சால்வேஷன் ஆர்மி என்று எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று கேட்டால் வளர்ந்தவர்களுக்கு மட்டுமே ஞானஸ்நானம் தரும் மென்னோனைட் என்ற கிறிஸ்தவ சபையார் ஒரு பதில் சொல்வார், கத்தோலிக்கர் வேறு பதில் சொல்வார். ஓய்வுநாள் ஞாயிறா சனியா என்பதில் சனிதான் என்று அட்வென்டிஸ்ட் சபை தனியே நிற்கும். இவர்கள் எப்படி ஒரே பானையில் கை வைக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முதலில் வந்த கேள்வி.

பதில் ரொம்ப எளிது. பானை ஒன்றல்ல. ஒவ்வொரு சபைக்கும் வங்கியில் தனிக் கணக்கு இருக்கிறது. கொடுக்கிறவர் எந்தச் சபையின் கணக்கில் சேர்க்கச் சொல்கிறாரோ, அதில் வரவு வைப்பார்கள். எந்த நாட்டில், எந்த உள்ளூர் அமைப்போடு வேலை செய்வது என்பது அந்தச் சபையின் முடிவு. தானியத்தை விற்பது, அரசோடு பேசுவது, திட்டத்தைச் சரிபார்ப்பது போன்ற தனியாகச் செய்தால் செலவு பிடிக்கிற வேலைகள் மட்டும் பொது. ஒரு சபையின் திட்டத்துக்குப் பணம் போதவில்லை என்றால் மற்றவர்கள் தங்கள் கணக்கிலிருந்து கொடுக்கலாம். உதவி பெறுகிறவர் எந்த மதம் என்று பார்ப்பதில்லை.

இதன் விதை 1970களின் நடுவில் மென்னோனைட் சபையார் தொடங்கிய ஓர் உணவு வங்கி. பைபிளின் ஆதியாகமத்தில் வரும் யோசேப்பின் கதைதான் அதற்குத் தூண்டுதல். எகிப்தில் ஏழு ஆண்டு நல்ல விளைச்சல், அப்புறம் ஏழு ஆண்டு பஞ்சம். நல்ல காலத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கச் சொன்னார் யோசேப்பு. 1983-இல் மற்ற சபைகளும் சேர்ந்து இன்றைய வங்கி உருவானது.

இனி கணக்குக்கு வருவோம். அவசர உணவு உதவிக்காகச் சபைகள் திரட்டும் ஒவ்வொரு டாலருக்கும் கனடா அரசு நான்கு டாலர் சேர்க்கிறது, ஆண்டுக்கு 2.5 கோடி கனடா டாலர் என்ற உச்சவரம்புவரை. ஒரு பேச்சுக்கு, நூறு ஏக்கர் வயல் என்று வையுங்கள். ஏக்கருக்கு 1.3 டன், டன்னுக்கு 300 டாலர் என்றால் 39,000 டாலர் வரும். அரசின் பங்கு 1,56,000. இரண்டும் சேர்ந்து 1,95,000 டாலர். நிலத்தை ஒருவர் தருகிறார், விதையும் உரமும் பல சமயம் கடைக்காரர்களே தந்துவிடுகிறார்கள்.

ஆனால் என்னை அசைத்தது இந்தப் பெருக்கல் இல்லை. நெடுங்காலமாகக் கனடா அரசு ஒரு நிபந்தனை வைத்திருந்தது. உணவு உதவிக்கான பணத்தில் 90 சதவீதத்துக்குக் கனடாவில் விளைந்த தானியத்தையே வாங்க வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். நடைமுறையில் என்ன ஆகும்? கோதுமை ரயிலேறி, துறைமுகத்தில் காத்திருந்து, கப்பலேறி, மறுபடி லாரியேறிப் பசித்தவரிடம் போய்ச் சேர மாதங்கள் ஆகும். பணத்தில் பெரும்பங்கு சரக்குக் கட்டணத்துக்கே போய்விடும். அதைவிட மோசம், அந்த மூட்டைகள் வந்து இறங்கும்போது அங்கே பக்கத்து மாவட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருந்தால், உள்ளூர் விவசாயியின் விலை சரிந்துவிடும். அடுத்த பருவத்தில் அவர் குறைவாக விதைப்பார். பசியைத் தீர்க்க வந்த மூட்டையே அடுத்த பசிக்கு வழி செய்துவிடும். இப்படி அனுப்பும் உணவுக்கு, உள்ளூரில் வாங்குவதைவிடச் சுமார் 50 சதவீதம் கூடுதலாகச் செலவாகிறது என்று வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடியின் ஆய்வு காட்டியது.

அந்த நிபந்தனையை எடுக்கச் சொல்லி அரசிடம் போனவர்களில் இந்தத் தானிய வங்கியும் ஒன்று. கோதுமை விளைவிக்கிறவர்களின் காணிக்கையில் நடக்கும் வங்கி, “எங்கள் கோதுமையை வாங்க வேண்டாம், பசிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வாங்குங்கள்” என்று சொன்னது. 2005-இல் 90 சதவீதம் 50 ஆனது. 2008-இல் நிபந்தனையே போனது. இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். கையில் இருப்பதைக் கொடுப்பது ஒரு மனசு. கொடுக்கிற முறை தப்பு என்று தெரிந்ததும், தன் ஆதாயத்தை விட்டு அதை மாற்றச் சொல்வது அதைவிடக் கஷ்டமான மனசு.

இப்போது பஞ்சம் வந்த இடத்தில் முதலில் சந்தையைப் பார்க்கிறார்கள். கடையில் அரிசியும் மாவும் இருக்கிறது, வாங்கத்தான் காசில்லை என்றால் பணமாகவோ கூப்பனாகவோ தருகிறார்கள். கடையே காலி என்றால்தான் மூட்டை.

அவசர உதவியோடு வேலை முடிவதில்லை. 2015 முதல் 2020 வரை எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா நாடுகளில் சிறு விவசாயிகளோடு மண் காக்கும் வேளாண்மையைப் பரப்பினார்கள். அதில் மூன்று விதிகள்: நிலத்தை முழுக்கக் கிளறாதே, மண்ணை மூடி வை, ஒரே பயிரை மட்டும் போடாதே. உழாத வயலில், விதைக்கிற இடத்தில் மட்டும் சின்னக் குழி எடுத்து, அதில் எருவும் மக்காச்சோள விதையும் போடுகிறார்கள். வரிசைகளுக்கு நடுவே பல இடங்களில் ஊன்றுவது நமக்கு நன்றாகத் தெரிந்த மொச்சை. அதன் வேர் முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. கொடி படர்ந்து தரையை மூடுவதால் வெயில் மண்ணை நேராகச் சுடுவதில்லை, ஈரம் நிற்கிறது. மழை அறைந்தாலும் மண் இறுகிப் பாளமாவதில்லை. தண்ணீர் ஓடிப்போகாமல் உள்ளே இறங்குகிறது.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. மண்ணை மூட வைத்த காய்ந்த மக்காச்சோளத் தட்டையை மாடு தின்றுவிடும். மாட்டுக்கும் அது வேண்டும்தானே! உழாத நிலத்தில் முதல் சில பருவங்களுக்குக் களை அதிகம், களையெடுக்கிற வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுகிறது. அதனால் முழு நிலத்தையும் ஒரேயடியாக மாற்றாமல் ஒரு மூலையில் நாலைந்து வரிசை போட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. மழை பொய்த்த ஆண்டில் அந்த மூலையும் மீதி நிலமும் அடுத்தடுத்து நிற்கும். அடுத்த பருவத்தில் எத்தனை வரிசை போடுவது என்று அப்போது அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.