எண்ணெய்த் தாங்கி வேறு, எண்ணெய் வேறு: விமானச் சீட்டு வாங்குவோருக்கு ஒரு விளக்கம்

மூதூரைச் சேர்ந்த ஒரு தம்பி சென்ற கிழமை என் அலுவலகத்துக்கு வந்து, மனைவியின் சங்கிலியை அடகு வைத்த பற்றுச்சீட்டை மேசைமீது வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்தார். சவூதியில் வேலை செய்பவர், விடுமுறையில் வந்தவர், அவருடைய மீள்நுழைவு அனுமதி முடிய இன்னும் ஐந்து நாட்களே இருந்தன. மூன்று கிழமைக்கு முன்னரே அவருக்குக் கட்டணத்தைச் சொல்லி, அன்றைக்கே சீட்டை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டிருந்தேன். "எண்ணெய் விலை விழுந்திட்டுதாம் அக்கா, இன்னும் கொஞ்ச நாள் பாப்பம்" என்று சொல்லிப் போனவர், அந்த மலிவான இருக்கைகளெல்லாம் விற்றுத் தீர்ந்த பிறகுதான் திரும்பி வந்தார். அவருக்கு முன்னர் இதே கதையோடு கிண்ணியாவிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். இனியும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

திருகோணமலையில் விமானச் சீட்டு விற்பவர்களுக்கு வேறு ஊர் முகவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. கொழும்பிலோ மட்டக்களப்பிலோ இருப்பவர் விலை கூடிவிட்டது என்றால் உலக நிலைமை அப்படி என்று ஏற்றுக்கொள்வார். நம் ஊரவர் பழைய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் சீனன்குடாப் பக்கம் கையைக் காட்டுவார். 'இவ்வளவு எண்ணெய்க் குதத்தை வைத்துக்கொண்டு நாங்கள் ஏன் இந்த விலை கொடுக்க வேண்டும்' என்பது நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்கும் கேள்வி. அதைக் கேட்பவர்களில் படித்தவர்களும் உண்டு, ஆசிரியர்களும் உண்டு.

அந்தத் தாங்கிகள் எண்ணெய்க் கிணறுகள் அல்ல. அவை வெறும் பாத்திரங்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், கிழக்கிலே நிலைகொண்டிருந்த தங்கள் போர்க்கப்பல்களுக்கான எரிபொருளைச் சேமித்து வைப்பதற்காக ஆங்கிலேயர் அவற்றைக் கட்டினார்கள். அன்றும் அவற்றுக்குள் இருந்த எண்ணெய் இந்த மண்ணில் ஊறியதல்ல. கப்பலில் வந்து இறங்கியதுதான். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு தாங்கி அழிந்தது. இன்று எஞ்சியிருப்பவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 தொன் கொள்ளக்கூடியது என்பதால், எல்லாவற்றையும் நிரப்பினால் ஏறத்தாழ பத்து இலட்சம் தொன் ஆகும். அந்தப் பெரிய எண்தான் மக்களை ஏமாற்றுகிறது. அது எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அல்ல, எவ்வளவு கொள்ளும் என்பதைச் சொல்லும் எண் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தொன் எரிபொருள் 800 டொலர் என்று வைத்துக்கொண்டால், ஒரேயொரு தாங்கியை நிரப்ப 80 இலட்சம் டொலர் வேண்டும். அந்த டொலரை நாடு முதலில் உழைக்க வேண்டும், அல்லது கடனாகப் பெற வேண்டும். வீட்டிலே பெரிய நெல் பட்டறை இருப்பதால் வயல் இல்லாதவனுக்கு நெல் கிடைத்துவிடுமா? பட்டறை இருந்தால் விலை மலிந்த நேரத்தில் வாங்கிப் போட்டுவைக்கலாம், அவ்வளவுதான். அதற்கும் கையில் காசு வேண்டும். 2022 சனவரியில் செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 தாங்கிகள் இந்தியன் ஒயில் கூட்டுத்தாபனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐஓசிக்கும், 61 தாங்கிகள் இரு தரப்பும் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனத்துக்கும் பிரித்து ஒதுக்கப்பட்டன. அதே ஆண்டு நடுப்பகுதியில் இந்தத் தாங்கிகளுக்குப் பக்கத்திலேயே வாழும் நாங்கள் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். தாங்கிகள் அப்போதும் இதே இடத்தில்தான் இருந்தன.

இலங்கையில் மசகு எண்ணெய், அதாவது நிலத்தடியிலிருந்து எடுக்கும் சுத்திகரிக்காத எண்ணெய், உற்பத்தி இல்லை. மன்னார்ப் படுகையில் 2011 இல் எரிவாயு கண்டறியப்பட்டதைச் சிலர் சுட்டிக்காட்டுவார்கள்; அது இன்னும் வணிக உற்பத்திக்கு வரவில்லை. 1969 இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் நாட்டின் ஒரே சுத்திகரிப்பு நிலையம். அங்கே விமான எரிபொருளும் பிரித்தெடுக்கப்படுகிறது. ஆனால் அதற்கான மசகு எண்ணெய் கப்பலில் வர வேண்டும். 2021 நவம்பரில் அதை வாங்க டொலர் இல்லாமல் அந்த நிலையத்தையே மூட வேண்டி வந்தது. 2022 இல் நிலைமை இன்னும் மோசமாகி, கட்டுநாயக்கவில் விமானங்களுக்குப் போதிய எரிபொருள் கொடுக்க முடியாமற் போனதால், நீண்டதூர விமானங்கள் தென்னிந்திய விமான நிலையங்களில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு சென்றன. வேறு விமானங்கள் திரும்பிச் செல்வதற்கான எரிபொருளையும் சேர்த்துச் சுமந்து வந்தன. அப்படிச் சுமந்து வரும் எடைக்காகவும் எரிபொருள் எரியும். அந்தச் செலவும் சீட்டின் விலையில்தான் வந்து சேரும்.

விமான எரிபொருள் என்பது மண்ணெண்ணெய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. ஜெட் ஏ-1 எனப்படும் அந்த வகை, நீர் நீக்கி, தூய்மை பேணி, மறை 47 பாகை செல்சியஸ் வரை உறையாமல் இருக்கும்படி தயாரிக்கப்படுகிறது. இயந்திரப் படகில் தொழிலுக்குப் போகும் நம் மீனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, இறக்குமதி எண்ணெயின் உண்மையான விலை என்னவென்று அவர்கள் ஒரே இரவில் தெரிந்துகொண்டார்கள். ஏ320 போன்ற ஒரு விமானம் பறக்கையில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ இரண்டரைத் தொன் எரிபொருளை எரிக்கிறது. கட்டுநாயக்கவிலிருந்து வளைகுடாவுக்குப் போய்ச் சேர எவ்வளவு எரியும் என்பதை நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். விமான நிறுவனமொன்றின் மொத்தச் செலவில் கால் பங்கு அளவுக்கு, விலை ஏறிய ஆண்டுகளில் அதற்கும் மேலாக, எரிபொருளுக்கே போகிறது.

மசகு எண்ணெய் விலை இறங்கியது என்று செய்தி வந்த மறுநாளே என் தொலைபேசி ஓயாமல் அடிக்கிறது. அந்தச் செய்தியில் வருவது மசகு எண்ணெயின் விலை. விமானத்தில் ஊற்றுவது சுத்திகரித்த எரிபொருள். அதற்கு வேறு சந்தை, வேறு விலை. சுத்திகரிப்பு நிலையங்களால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாதபோது மசகு எண்ணெய் அசையாமல் இருக்க, விமான எரிபொருள் மட்டும் ஏறும். உலகில் பயன்படும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வழமையாக வளைகுடாவின் வாயிலிலுள்ள ஹோர்முஸ் நீரிணை வழியாக வருகிறது. அங்கே பதற்றம் என்ற பேச்சு எழுந்தாலே விலை ஏறிவிடும். இறங்குவதற்கு அந்த வேகம் இருப்பதில்லை. இதற்கெல்லாம் மேலாக, இலங்கையிலிருந்து புறப்படும் பயணங்களின் கட்டணம் பெரும்பாலும் டொலரில் நிர்ணயிக்கப்பட்டு அன்றைய மாற்று வீதத்தில் ரூபாவாக்கப்படுகிறது. 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியபோது, டொலர்க் கட்டணம் ஒரு சதமும் மாறாத சீட்டுகள்கூட நம் கையில் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரிந்தன.

எங்கள் தொழிலில் வைகியூ (YQ) என்ற இரண்டெழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. விமான நிறுவனம் அறவிடும் கூடுதல் கட்டணம் அது. பெரும்பாலும் எரிபொருளைக் காரணம் காட்டியே வரும். இதை முகவர் போட்டுக்கொள்கிறார் என்று நினைப்பவர்கள் பலர். அதில் ஒரு ரூபாவைக்கூட என்னால் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மலிவான சீட்டுகளை இரத்துச் செய்தால் இந்தத் தொகை பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதும் இல்லை. வாங்குவதற்கு முன்னரே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விசா முடியும் திகதியோ மீள்நுழைவு அனுமதியோ உங்கள் பயணத்தை நிர்ணயிக்கிறதென்றால், திகதி தெரிந்த அன்றே சீட்டை எடுங்கள். எண்ணெய் விலையைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். இருக்கைகள் விற்றுப்போகும் வேகத்துக்கு எண்ணெய் விலை இறங்காது. பயணம் உங்கள் விருப்பத்தில் இருந்தால், பாடசாலை விடுமுறையையும் பெருநாட்களையும் தவிர்த்து, கிழமையின் நடுநாட்களைக் கேளுங்கள். எண்ணெய் விலைக்காகக் காத்திருந்து கிடைப்பதைவிட அதில் கிடைக்கும் இலாபம் பெரிது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இயன்றவரை இருவழிச் சீட்டாகவே எடுத்து வரட்டும்.

தாய்மாரே, சகோதரிகளே, உங்களிடம் ஒன்றைத் தயவாகக் கேட்கிறேன். கணவரோ மகனோ விடுமுறையில் வந்து இறங்கிய முதல் கிழமையிலேயே, விருந்துகளும் கோயில் நேர்த்திகளும் முடியும்வரை காத்திராமல், திரும்பிச் செல்லும் திகதியைக் கேட்டு, சீட்டுக் காசைத் தனியாக எடுத்து வையுங்கள். கடைசி நாளில் அடகுக் கடைக்குப் போவது எப்போதும் உங்கள் நகைதான்.

முற்பதிவுக் கடதாசியைச் சீட்டு என்று நம்பாதீர்கள். எழுத்தும் இலக்கமும் கலந்து மொத்தம் ஆறு இடங்கள் கொண்ட முற்பதிவுக் குறியீடு, உங்களுக்காக ஓர் இருக்கையை ஒதுக்கிவைத்திருப்பதை மட்டுமே காட்டும். சில மணித்தியாலங்களிலோ ஓரிரு நாட்களிலோ அது காலாவதியாகும். அதற்குள் கட்டணம் ஏறினால் ஏறிய கட்டணத்தைத்தான் கட்ட வேண்டும். மூதூர்த் தம்பி எங்கோ ஓர் இடைத்தரகரிடம் முற்பணம் கொடுத்து வாங்கி வைத்திருந்ததும் அப்படியொரு காலாவதியான கடதாசிதான். சீட்டு வழங்கப்பட்டால் அதில் 13 இலக்கங்கள் கொண்ட எண் ஒன்று இருக்கும். முதல் மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும். ஸ்ரீலங்கன் விமானச் சீட்டானால் 603 என்று தொடங்கும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, விமான நிறுவனத்தின் இணையத்தளத்திலோ தொலைபேசியிலோ நீங்களே சரிபாருங்கள். பணம் முழுவதையும் வாங்கிக்கொண்டு அந்த எண்ணை 'நாளைக்குத் தருகிறேன்' என்று சொல்பவர் என் உறவினராகவே இருந்தாலும், அங்கே நின்று பற்றுச்சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.