பழைய பைக் எஞ்சின் உடைந்தால், முதல் ஒரு மணி நேரத்தில் செய்யக் கூடாதவை

என் பட்டறைக்கு வரும் பழைய பைக் எஞ்சின்களில் பலவற்றில் இரண்டு காயங்கள் இருக்கும். ஒன்று தற்செயலாக ஆனது: செயின் அறுந்து கிரான்க் கேஸை (எஞ்சினின் அடிப்பகுதிக் கூட்டை) உடைத்திருக்கும், வண்டி ஸ்டாண்டிலிருந்து சாய்ந்து, எஞ்சினைக் குளிரவைக்கும் ஃபின் தகடு முறிந்திருக்கும், போல்ட்டின் தலை மட்டும் கையோடு வந்திருக்கும். இன்னொன்று, அதைச் சரிசெய்ய அவசரத்தில் எடுத்த முயற்சியால் ஆனது. முதல் காயத்துக்கு அநேகமாக வழி உண்டு. என்னைக் கைவிரிக்க வைப்பது இரண்டாவதுதான்.

வீட்டில் எஞ்சின் வேலையே பார்க்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. உடைந்த அன்றே கை வைக்காதீர்கள், அவ்வளவுதான். சிதறிய துண்டுகள் எல்லாவற்றையும், சில்லு உட்படப் பொறுக்கி ஒரு டப்பாவில் போடுங்கள். கேஸில் ஓட்டை விழுந்திருந்தால் எஞ்சினைக் கிக் அடித்துப் பார்க்க வேண்டாம். உள்ளே விழுந்த துண்டு கியர் பற்களுக்கு இடையில் போய்விடும்.

அதிகம் பாழாவது முறிந்த போல்ட் விஷயத்தில்தான். அலுமினியத்துக்குள் ஸ்டீல் போல்ட் பல ஆண்டுகள் இருந்தால் இரண்டுக்கும் நடுவே வெள்ளைப் பொடியாக அரிப்பு சேர்ந்து, சிமெண்ட் ஊற்றியதுபோல் இறுகிவிடும். உடனே ஈஸி-அவுட் (முறிந்த போல்ட்டைக் கவ்வித் திருகி எடுக்கும் கருவி) வாங்கிவந்து, போல்ட்டின் நடுவில் துளை போட்டுத் திருகுகிறார்கள். ஸ்பேனரின் முழு பலத்துக்கும் அசையாமல் முறிந்த போல்ட், அதைவிட ஒல்லியான ஈஸி-அவுட்டுக்கு மட்டும் அசைந்துவிடுமா? பல நேரம் ஈஸி-அவுட்தான் உள்ளே முறியும். அது கடினப்படுத்திய ஸ்டீல். சாதாரண ட்ரில் அதில் ஏறாமல் வழுக்கி, பக்கத்தில் இருக்கும் மெத்தென்ற அலுமினியத்தைத் தின்னும். அப்புறம், மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷின் இருக்கும் இடத்தைத் தேடி அலைய வேண்டியதுதான்.

பொறுமையான வழி இது. துரு விடுவிக்கும் எண்ணெயைப் போட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் டேங்க், கார்புரேட்டர் எல்லாவற்றையும் கழற்றி அப்புறப்படுத்தி, எண்ணெயைத் துடைத்துவிட்டு, போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தை ஹீட் கன்னால் சூடாக்குங்கள். ஒரே சூட்டில் அலுமினியம் ஸ்டீலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். சூடு, எண்ணெய், சிறு தட்டு என்று மாறி மாறிச் செய்து, இறுக்கும் பக்கமும் தளர்த்தும் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும். துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் நட்டை வைத்து வெல்டிங் செய்பவரிடம் பற்றவைத்து வாங்குவது எனக்குப் பிடித்த முறை. நட்டைப் பிடித்துத் திருகலாம். வெல்டிங் சூடே உள்ளே இறுகியிருப்பதைப் பாதி உடைத்துவிடும். துளைதான் போட வேண்டும் என்றால் சரியாக நடுவில் பஞ்ச் அடித்து, இடப்பக்கம் சுற்றும் ட்ரில் பிட்டைப் பயன்படுத்துங்கள். சில சமயம் துளைக்கும்போதே துண்டு கழன்று வந்துவிடும்.

சின்ன மூடிகளுக்குப் பழைய பட்டறைத் தந்திரம் ஒன்று இருக்கிறது: படிகாரம். சூடான படிகாரக் கரைசலில் ஊறவைத்தால், உள்ளே முறிந்த ஸ்டீல் மெதுவாகக் கரையும். அலுமினியத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. மணிக்கணக்காகும், சில நேரம் நாள்கணக்காகும். ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள். பாத்திரம் இரும்பாக இருக்கக் கூடாது. சிலிண்டர் ஹெட்டை மட்டும் இதில் போட்டுவிடாதீர்கள். அதில் பதித்திருக்கும் இரும்பு வால்வு சீட்டும் சேர்ந்து கரையும்.

அடுத்தது மரை, அதாவது போல்ட்டின் திருகு வரி. பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களில் கால் அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 26 மரை சகஜம். எம்6 போல்ட்டின் மரை இடைவெளி 1 மி.மீ., அதாவது அங்குலத்துக்கு 25.4. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் விட்டம் 6.35 மி.மீ.க்குப் பதில் 6 மி.மீ. அதனால் எம்6 சுகமாக உள்ளே இறங்கும், இறுகுவதாகவும் போக்குக் காட்டும். கடைசிக் கால் சுற்றில் மரையை உருவிக்கொண்டு கையோடு வரும். இதே 26-இலும் இரண்டு பிரிட்டிஷ் வகைகள் உண்டு: பி.எஸ்.எஃப். மரையின் கோணம் 55 பாகை, சைக்கிள் மரையின் கோணம் 60 பாகை. ஆகவே மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜும் விட்டத்தை அளக்கும் வெர்னியரும் இல்லாமல் மாற்று போல்ட் போடாதீர்கள். ஜப்பானிய எஞ்சின்களில் வேறு தொல்லை: மூடியில் இருக்கும் நட்சத்திரத் தலை ஸ்க்ரூ பிலிப்ஸ் வகை கிடையாது, ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர வகை. பிலிப்ஸ் திருப்புளியால் திருகினால் தலை மொழுக்கையாகிவிடும்.

மரை போனாலும் கவலைப்பட வேண்டாம். ஹெலிகாயில் (துளைக்குள் புது மரையாகப் பதிக்கும் கம்பிச் சுருள்) சரியாகப் போட்டால் அலுமினியத்தில் பழைய மரையைவிட வலுவாகவே நிற்கும். வீட்டில் தாராளமாகச் செய்யலாம். ஸ்பார்க் பிளக் துளையாக இருந்தால் மட்டும் ஹெட்டைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். மரை வெட்டும் டேப்பில் கிரீஸ் தடவினாலும் சில்லு கொஞ்சம் சிலிண்டருக்குள் விழத்தான் செய்யும்.

விரிசலுக்கு முதலில் அது எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஒரு பக்கம் மண்ணெண்ணெய் தடவி, மறுபக்கம் சாக்பீஸ் பூசுங்கள். கொஞ்ச நேரத்தில் விரிசலின் பாதை ஈரக்கோடாகத் தெரியும், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்ததைவிட நீளமாக. பேரிங் உட்காரும் இடம், சிலிண்டர் ஸ்டட் இருக்கும் இடம் ஆகியவற்றை அது தொட்டால் வீட்டு வேலை அத்துடன் முடிந்தது. சுமை தாங்காத வெளிமூடியில் ஊசித்துளைக் கசிவு என்றால் உலோக எபாக்ஸி போதும். அது தாங்கும் வெப்பத்தைப் பாக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் வெல்டிங் செய்யும் எண்ணம் இருந்தால் எபாக்ஸி பக்கமே போக வேண்டாம். அது எரிந்து வெல்டிங்கைக் கெடுக்கும், முழுவதும் சுரண்டி எடுப்பதும் பெரும்பாடு.

கேஸ் டார்ச்சும் ராடும் வைத்து அலுமினியத்தைத் தாங்களே ஒட்டப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்பைப்போல் அலுமினியம் சிவந்து எச்சரிக்காது. சுத்த அலுமினியம் உருகுவது 660 பாகை செல்சியஸில்; வார்ப்புக் கலவை அதற்கு முன்பே தளர்ந்துவிடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மூலை பொத்தென்று விழுந்துவிடும்.

எஞ்சினை விட்டுவிட்டு உங்கள் உடம்புக்கு வருவோம். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த பாகத்தில் வெல்டிங்கோ டார்ச்சோ படக் கூடாது. பாஸ்ஜீன் என்ற விஷ வாயு உண்டாகும். பழைய பேக்கிங், கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்: ஈரப்படுத்திச் சுரண்டுங்கள், காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். சில பந்தய எஞ்சின்களின் கேஸ் மெக்னீசியக் கலவை. கையில் எடுத்தால் எடை வித்தியாசமாகக் குறைவாக இருக்கும். அரத்தால் லேசாகத் தேய்த்து ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கும். அப்படி நுரைத்தால் அரவைத் தூளைக் கூட்டி அகற்றும்வரை பக்கத்தில் தீப்பொறி வேண்டாம். மெக்னீசியம் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ இன்னும் மூளும்.

சரி, ஆர்கான் வெல்டிங்குக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று முடிவானால், கொடுக்கும் முன் கேஸில் பொறித்திருக்கும் எஞ்சின் நம்பரைப் படம் எடுத்துவையுங்கள். அதன் அருகில் அரவை படக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். நம்பர் சிதைந்தால் வண்டியின் அடையாளமே கேள்விக்குள்ளாகும். பழைய பிரிட்டிஷ் கேஸ்கள் இரு பாதிகளையும் ஜோடியாக வைத்துக் கடைந்தவை. அதனால் ஒரு பாதியை மட்டும் வேறொன்றிலிருந்து வாங்கிப் போடுவதைவிட, உடைந்ததைப் பற்றவைப்பதே பல நேரம் மேல். வெல்டிங்கின்போது இரு பாதிகளையும் போல்ட் போட்டு இணைத்துவைக்கச் சொன்னால் கோணல் குறையும். எண்ணெய் குடித்த வார்ப்பு என்பதையும், எதைக்கொண்டு கழுவினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும் நேரே பூட்டிவிடாதீர்கள். பேக்கிங் உட்காரும் முகத்தைத் தடித்த கண்ணாடியின்மேல் வைத்துத் தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். பேரிங் இருக்கையை அளந்து பாருங்கள். கிளாஸ் பீட் பிளாஸ்டிங் (நுண்ணிய கண்ணாடி மணிகளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வது) செய்திருந்தால் ஆயில் துளைகளின் அடைப்பான்களைக் கழற்றி, ஒவ்வொரு துளையையும் பிரஷ் விட்டுக் கழுவுங்கள். ஒளிந்திருக்கும் நான்கைந்து மணிகள் போதும், புது பேரிங்கைச் சீக்கிரமே காலி செய்ய.