ஆர்முடுகலும் அமர்முடுகலும்: பனையிலிருந்து பறக்கும் வீரர்கள்

பாகுபலி 2 படத்தில், பனைகளை வளைத்துக் கட்டி, நுனியில் வீரர்களை ஏற்றி, கயிற்றை வெட்டிவிட, அவர்கள் கேடயங்களைச் சுற்றிப் பிடித்தபடி கோட்டை மதிலுக்கு மேலால் பறந்துபோய் உள்ளே குதித்துச் சண்டை பிடிக்கிற காட்சி எல்லோருக்கும் தெரியும். பூநகரிப் பக்கத்து ஆட்களுக்குப் பனை வளையுமா என்பதிலேயே சந்தேகம் வந்துவிடும், வளைகிற மரமென்றால் அதில் வீட்டுக் கூரைக்கு வளை போடுவோமா என்ன. சரி, மாயாஜாலப் படம்தானே, பனை வளைந்ததாகவே வைத்துக்கொள்வோம். அப்புறம் கேட்க வேண்டியது ஆர்முடுகலைப் பற்றி.

வேகம் மாறுகிற வீதம்தான் ஆர்முடுகல். ஒவ்வொரு செக்கனுக்கும் வேகம் எவ்வளவு கூடுகிறது என்ற கணக்கு. ஆங்கிலத்தில் அக்செலரேசன் என்பார்கள், விரைவான என்று பொருள்படும் 'கெலெர்' என்ற இலத்தீன் சொல் அதற்குள் இருக்கிறது. தமிழில் அதே வேலையை 'முடுகு' செய்கிறது. முடுகு என்றால் விரை. இது பௌதிகத்துக்காகச் செய்த சொல் இல்லை, தொல்காப்பியர் சொல்லும் இருபது வண்ணங்களில், அதாவது செய்யுளின் ஓசை வகைகளில், கடைசி முடுகு வண்ணம், திருப்புகழ் பாடுகிறவர்களுக்கும் முடுகு தெரியும். 'ஆர்' என்பதை நிறைதல் என்று எடுத்தால், நிறைந்து முடுகுதல்.

தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இதுவே முடுக்கம். நாயை முடுக்கிவிடு என்கிறோமே, அந்த முடுக்கு. இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் வேகம் குறைவதற்கு அங்கே எதிர்முடுக்கம் என்பார்கள், இலங்கையில் நாங்கள் அமர்முடுகல் என்போம், எனக்கு எங்கள் சோடிதான் பிடிக்கும். அமர்தல் என்றால் அடங்குதல், ஓட்டம் அடங்குவது அந்தச் சொல்லிலேயே கேட்கிறது. (அமர் என்றால் போர் என்றும் பொருள் உண்டு, சண்டைக் காட்சிதான் என்றாலும் இங்கே அது இல்லை.) எக்சிலேற்றருக்கு ஆர்முடுக்கி என்ற சொல் இருக்கிறது, ஆனால் வாகனம் திருத்துகிற கராச்சில் போய் அப்படிக் கேட்டால் சிரிப்பார்கள்.

இப்போது கணக்கு. 20 மீற்றர் உயரம் எழும்ப வேண்டுமென்றால், ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்தால், மேல்நோக்கி செக்கனுக்கு 20 மீற்றர் வேகம் வேண்டும், அதாவது மணிக்கு 72 கிலோமீற்றர், ஏ9 வீதியில் ஓடுகிற பஸ்ஸின் வேகம். பனை நுனி 5 மீற்றர் தூரம் தள்ளிக்கொண்டு போய் விடுகிறது என்றால், வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் இரட்டிப்பால் பிரிக்க 40 வரும், ஈர்ப்பைப் போல 4 மடங்கு. வயிற்றைப் பிரட்டும், ஆள் சாகாது. ஆக எறிகிற பகுதி பரவாயில்லை, எல்லோரும் சிரிக்கிற இடம் அதுதான் என்றாலும்.

கொலை நடப்பது இறங்கும்போது. அதே 20 மீற்றரிலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போதும் அதே வேகம்தான். ஆனால் நிற்பதற்குக் கிடைக்கிற தூரம் முழங்கால் மடிகிற அளவு, 30 சென்ரிமீற்றர் என்று தாராளமாகவே கொடுப்போம். அமர்முடுகல் 667 வருகிறது, ஈர்ப்பைப் போல ஏறத்தாழ 67 மடங்கு. 60 கிலோ ஆளின் கால்களில் 4 தொன் பாரம் ஏறினது மாதிரி. அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜோன் ஸ்ரப் 1954 டிசெம்பரில் ரொக்கெற் பூட்டிய சறுக்கு வண்டியில் தன்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அது நிற்கும்போது 46 மடங்குவரை தாங்கினார், கண்ணுக்குள் இரத்தக் குழாய்கள் வெடித்துச் சிலநேரம் பார்வையே இல்லை. எங்கள் வீரர்கள் பட்டியும் கட்டாமல் 67ஐ வாங்கிக்கொண்டு, எழும்பி வாளை உருவுகிறார்கள். சுற்றிப் பிடித்த கேடயமும் உதவாது, அது அம்பைத் தடுக்கும், நிற்கிற தூரத்தைக் கூட்டித் தராது.

மலையிலிருந்து விழுகிறவளை நாயகன் கடைசி நொடியில் கையில் ஏந்துவதும் இதே கதைதான். கை இரும்பென்றால் அவளுக்குத் தரையும் ஒன்று, அவன் கையும் ஒன்று.

மதிலுக்கு உள்ளே ஒரு வைக்கோற் போரை வைத்திருந்தால் போதும். 2 மீற்றர் அமிழ்ந்து நின்றால் அமர்முடுகல் 100, ஈர்ப்பைப் போல 10 மடங்குதான், ஆள் எழும்பி நடக்கலாம். வாளைத் தேடி எடுக்கத்தான் கொஞ்சம் நேரம் போகும்.