பொஸ்ஸே: ஷெரீபின் படையிலிருந்து நேப்பிள்ஸ் ராப் வரை

பொஸ்ஸே (பெயர்ச்சொல்): ஒன்றாகத் திரிந்து ஒன்றாகப் பாடும் கூட்டாளிகள். 1990களின் தொடக்கத்தில் இத்தாலியில் ராப்பும் ஜமைக்கா இசையான ரெகேயும் பாடிய குழுக்களுக்கு இதுவே பொதுப்பெயர்.

வேர் லத்தீன். அங்கே இது வினைச்சொல்: இயலுதல், வல்லமை பெறுதல். இடைக்கால இங்கிலாந்தில் ‘பொஸ்ஸே கொமிடாட்டுஸ்’ என்றால், குற்றவாளியைப் பிடிக்க ஊராரைத் திரட்டும் ஷெரீபின் அதிகாரம். அமெரிக்காவுக்குப் போனதும் கௌபாய் படங்களில் குதிரையேறித் துரத்தியது. அந்தப் படங்களைப் பார்த்த ஜமைக்காவின் அடியாள் கும்பல்கள் அதே பெயரைத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டன. போலீஸ் பக்கம் நின்ற சொல், போலீஸ் தேடுகிற பக்கம் தாவிவிட்டது! ரெகேயும் ராப்பும் அதைப் பிறந்த வீடான இத்தாலிக்கே திருப்பிக் கொண்டுவந்தன.

அங்கே அது ஒட்டிக்கொண்ட இடம் ‘சென்ட்ரோ சொசியாலே’. கைவிடப்பட்ட கட்டடங்களில் இளைஞர்கள் புகுந்து தாங்களே நடத்திய கூடங்கள் அவை. ரோமில் ஓண்டா ரொஸ்ஸா பொஸ்ஸே, போலோஞ்ஞாவில் ஈசோலா பொஸ்ஸே ஆல் ஸ்டார்ஸ். நேப்பிள்ஸில் 1991 மே 1 அன்று கைப்பற்றப்பட்ட ‘ஒஃபிசீனா 99’ கூடத்தின் எண்ணையே பெயராக்கிக்கொண்டது 99 பொஸ்ஸே. நேப்பிள்ஸ் வட்டாரப் பேச்சில் அவர்கள் பாடிய ‘குர்ரே குர்ரே குவால்யோ’ (ஓடு, ஓடுடா பையா) 1993இல் இயக்குநர் சல்வத்தோரெஸின் ‘சுத்’ படத்தில் ஒலித்தது. கூடத்துப் பாட்டு நாடறிந்த பாட்டானது. புகழ் வந்தது, பெரிய நிறுவனங்கள் வந்தன, விலைபோய்விட்டார்கள் என்ற ஏச்சும் வந்தது. அந்த ஏச்சில் பாதி, பெயர் இழுத்துவிட்ட வினை என்பேன். பொஸ்ஸே என்றால் மேடையில் நிற்பவரும் கீழே நிற்பவரும் ஒரே கூட்டம். டிக்கெட் எடுத்து வருகிறவர் கூட்டாளியா, வாடிக்கையாளரா?

தமிழில்? ‘கும்பல்’ போலீஸ் செய்திக்குறிப்பின் சொல். ‘குழு’ எல்லாவற்றுக்கும் பொருந்தும், அதனாலேயே போதாது. ‘குழாம்’ நல்ல தமிழ்தான். ‘அடியார் குழாம்’ கேட்ட காதுக்குத் தெருப்பாட்டோடு ஒட்டாது. பேச்சில் ‘செட்டு’ நெருங்கி வரும். எழுத்துக்கு என் தேர்வு ‘பட்டாளம்’. பட்டாளத்துக்காரர் என்றால் ராணுவம். நண்பர்கள் பட்டாளம் என்றால் வெறும் கூட்டாளிகள். ஆயுதத்தைக் கீழே போட்டு அரட்டைக்கு வந்த சொல் இதுவும். தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம், இது ‘பட்டாலியன்’ வழி வந்தது. அதுவோ பிரெஞ்சு வழியாக இத்தாலியின் ‘பத்தாலியோனே’யில் போய் முடிகிறது.

பொதுச்சொல்லாக வரும்போதுதான் பட்டாளம். குழுவின் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம், 99 பொஸ்ஸே என்றே எழுதலாம்.