பெயர்தானே மாறியது என்கிறவர்களுக்கு

மொபைல் நெட்வொர்க் மென்பொருளில் மறுபடியும் அதே கதை. புது ரிலீஸ் போனதிலிருந்து டாஷ்போர்டு முழுக்கப் பச்சை. டேட்டா பாதியில் நிற்கிறது என்று புகார்கள் மட்டும் குவிகின்றன. தோண்டினால், யாரோ ஒரு பிழைச் செய்தியின் பெயரை மாற்றியிருக்கிறார்கள். கேட்டால் வரும் பதிலும் அதேதான்: "எண் மாறவில்லையே!"

மாற்றியதே தவறு என்று சொல்லவில்லை. பயனர் டேட்டாவைச் சுமக்கும் ஜிடிபி-யு நெறிமுறையில் எரர் இண்டிகேஷன் என்றொரு செய்தி உண்டு, வகை எண் 26. தெரியாத டன்னல் (டேட்டா போகும் தனிப் பாதை) அடையாளத்தோடு பேக்கெட் வந்தால், அப்படியொரு டன்னல் தன்னிடம் இல்லை என்று அனுப்பிய முனைக்குச் சொல்வது அது. எந்தக் கோரிக்கைக்கும் பதில் அல்ல. நிரலில் அதை எரர் ரெஸ்பான்ஸ் என்று எழுதியிருந்தால் திருத்தத்தான் வேண்டும்.

சரி, எண் மாறவில்லை. நெட்வொர்க்கில் போகும் அந்த ஒற்றை பைட் அப்படியேதான் இருக்கிறது, எதிர்முனைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் பெயரைப் படிப்பது எதிர்முனையா? லாக்கில், அதாவது பதிவுக் கோப்பில், அந்தச் சொல்லைத் தேடும் ஸ்கிரிப்ட் படிக்கிறது. பிழைகளை எண்ணும் கவுண்டரை நம்பியிருக்கும் அலாரம் படிக்கிறது. பழைய பெயரைத் தேடும் விதிக்கு இனி ஒன்றும் சிக்காது; சிக்காததைப் பிழையே இல்லை என்று அது எடுத்துக்கொள்ளும். நிரலில் பெயர் விட்டுப்போனால், அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் கத்தும். அலாரம் விதி வாயே திறக்காது.

5ஜி மையத்தின் கட்டுப்பாட்டுப் பகுதியில் "எண் மாறவில்லை" என்ற சமாதானமும் செல்லாது. அங்கே பெரும்பாலும் ஹெச்டிடிபி/2 மேல் ஜேசான் என்ற எழுத்து வடிவில் பேசுகிறார்கள். பிழையின் காரணம் எழுத்தாகவே போகிறது. அதில் கை வைத்தால் எதிர்முனைக்கே புரியாது.

பெயர் மாற்றும் கையோடு எனம் பட்டியலை (பெயர்களுக்கு எண் தரும் பட்டியலை) அகரவரிசைப்படுத்தும் ஆர்வலர்களே, அதையாவது விடுங்கள். சி மொழியில் எண் தராத உறுப்புகளுக்கு வரிசைப்படிதான் எண் விழும். அப்புறம் 26 எங்கே போனது என்று என்னிடம் கேட்காதீர்கள். எண்ணை வெளிப்படையாக எழுதுங்கள்.

மூலநிரலில் மட்டும் தேடாதீர்கள். அலாரம் விதி, டாஷ்போர்டு, டெஸ்ட் ஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் தேடுங்கள். நிரலில் பழைய பெயரையும் விட்டுவைத்தால் கம்பைலர்தான் சமாதானமாகும். லாக்கில் அச்சாகும் சொல்லும் கவுண்டர் பெயரும் தனிக் கணக்கு. ரிலீஸ் குறிப்பில் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் எழுதுங்கள். "சிறு சீரமைப்பு" என்று போட்டால் இரவுப் பணியில் இருப்பவருக்கு என்ன தெரியும்? கவுண்டர் தரவே வராமல் நின்றால் அதற்கும் ஓர் அலாரம் வேண்டும்.

தயவுசெய்து இதையும் செய்யுங்கள்: ரிலீஸுக்கு முன் சோதனைக் கூடத்தில், இல்லாத டன்னல் அடையாளத்தோடு வேண்டுமென்றே ஒரு பேக்கெட்டை அனுப்பி, அலாரம் அடிக்கிறதா என்று பாருங்கள்.